ரெண்டு எட்டு விலகினால்

ஒன்பது மாதமாக அந்த வீட்டு மாடியில் ஒரு பையன் இருக்கிறான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் கிடையாது. கீழே முன்னறையில் வாடகைக்கு இருக்கும் எனக்கே அவனுடைய காலடிச் சத்தம்தான் பழக்கம். சன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் போதும், நடை நின்றுவிடும். வண்டி போய் வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும்.

பையன் பெயர் ஜமேல். ஏரிக்கு மேலே குன்றில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் விவசாயம் இரண்டாம் ஆண்டு. அவனுக்கு மூத்தவன் அலினோர் அங்கேயே இன்ஜினியரிங் படித்தான். ஒரு நாள் கூடைப்பந்து ஆட்டத்தில், ஜெயித்த மிதப்பில், எதிரணியில் ஆடிய ஹம்தான் மங்கோர்சியின் பின்மண்டையில் தட்டிவிட்டுச் சிரித்தான். பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஜீப்னி வண்டி நிறுத்தத்தில் வைத்து ஹம்தான் அவன் முதுகில் இரண்டு குண்டு இறக்கினான். தலையில் தட்டினதற்கு உயிரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்த ஏரிக்கரையில் அப்படிக் கேட்பவர்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நான் இந்த ஏரிக்கரை முஸ்லிம் இனத்துக்காரி இல்லை. அப்பா இலோய்லோவிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்தார். நான் வேதக்காரி. ஆனாலும் பிறந்து வளர்ந்து நாற்பத்தாறு வருஷம் இவர்களோடுதான். பல்கலைக்கழகத்துக்குள் மேல்வாசலிலிருந்து தேர்வுக்கூடத்துக்குப் போகும் பாதையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டெல்மாக்கா கடை என்றால் எந்தப் பிள்ளையும் வழி சொல்லும்.

பகை என்று வந்துவிட்டால் இங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்த சட்டம் இல்லை, அதனால் யாரும் மீறுவதில்லை. எதிராளி வீட்டு ஆண்பிள்ளை எவன் கிடைத்தாலும் சுடலாம். பெண்பிள்ளைமேல் கை வைக்கக்கூடாது. பெண்ணோடு சேர்ந்து நடப்பவனையும் சுடக்கூடாது. குண்டு தவறி அவள்மேல் பட்டுவிட்டால், சுட்ட குடும்பத்தோடு யாரும் சோறு உண்ண மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். ஆகவே பகை வீட்டில் ஆண்கள் உள்ளே கிடப்பார்கள், சந்தைக்கும் வயலுக்கும் பெண்கள் போவார்கள். வகுப்புக்கும் அவர்கள்தான். தம்பிக்காக அக்கா, அண்ணனுக்காகத் தங்கச்சி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் கொடுப்பார்கள். வாத்தியார்களுக்கும் தெரியும். பையன் பெயரைக் கூப்பிட்டால் பெண்குரல் "இருக்கேன் சார்" என்று சொல்லும். அவரும் தலையைத் தூக்காமல் குறித்துக்கொள்வார்.

ஜமேலுக்காகப் போனவள் அவன் அக்கா நொராய்னி. அவளே உளவியல் மூன்றாம் ஆண்டு. தன் வகுப்பு முடிந்து, மண்ணியல், புள்ளியியல் என்று தம்பி வகுப்புக்கு ஓடுவாள். மதியம் என் கடையில் வந்து நின்றுகொண்டே சோறு தின்பாள். மஞ்சள் சோறு, சுட்ட மீன், மேலே ஒரு கரண்டி பலாபாத் துவையல். வாய் எரிந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை தின்பாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

பலாபா இடிப்பதுதான் அவள் அம்மா பொத்ரிக்குத் தொழில். சகுராப் என்ற வெங்காயத்தாள், இஞ்சி, ஊசிமிளகாய். காலையில் அரிந்துவைத்து சாயங்காலம் உரலில் போட்டால் வீடே இருமும். பல்கலைக்கழக கேன்டீன்களுக்கெல்லாம் அவள் போத்தல்தான் போகும். மகன் செத்ததற்குப் பிறகு அவள் இடிக்கிற இடியில் என் அறைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. உரலுக்கு நேர் எதிரே சுவரில் ஆணி அடித்து அலினோரின் சட்டையை மாட்டியிருந்தாள். துவைக்காத சட்டை. முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சமையலறையில் பொத்ரியின் தம்பி மகபாந்தோ உட்கார்ந்திருந்தான். இஞ்சி தோல் சீவிக் கொடுக்க நானும் இருந்தேன்.

"ஒம்பது மாசம்" என்றாள் பொத்ரி. "சட்டைக்காரன் தெனமும் என்னப் பாக்கான். நான் அவன் முகத்தப் பாக்க முடியல, முதுகத்தான் பாக்கேன்."

"அந்த ஹம்தான் பய வெளிய வந்தாத்தானக்கா" என்றான் மகபாந்தோ. "அவனும் மாடியிலதான் கெடக்கான். அவன் தங்கச்சி ஸலீகாதான் வகுப்புக்கு வர்றா."

"வந்தா யாரு சுடுவா? நீயா?"

"முறைப்படி ஜமேல் சுடணும். கூடப் பொறந்தவன்."

நொராய்னி மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். "மாமா, நேத்து அவனுக்குச் சூப்பு குடுத்தேன். கரண்டி வாய்க்குப் போறதுக்குள்ள பாதி மடியில. துப்பாக்கியக் குடுத்தா என்னத்தச் சுடுவான், கூரையையா?"

"பயந்தாங்கொள்ளி" என்றாள் பொத்ரி.

"பயம் இல்லம்மா. சீக்கு."

"என்ன சீக்கு? காய்ச்சலா? தொட்டுப் பாத்தேன், சுடல."

"தொட்டாத் தெரியாது."

"அப்ப அது சீக்கே இல்ல."

மேலே காலடி நின்றது. இதெல்லாம் அவனுக்குக் கேட்கும்தானே, பலகைத் தரை. நொராய்னி குரலைத் தாழ்த்தவில்லை. "அவனை விடுங்க. ஹம்தானை நான் பாத்துக்கறேன். எனக்கும் அண்ணன்தான்."

பொத்ரி உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள். பிறகு ஓங்கி இடித்தாள்.

அந்த மாதம்தான் மணிலாவிலிருந்து இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். வன்முறை நடக்கும் ஊர்களில் மாணவர்களின் மனநிலையும் மீண்டெழும் திறனும் என்று தலைப்பு. நாலு பக்கக் கேள்வித்தாள், முந்நூறு பிரதி. ராத்தூக்கம் எப்படி, திடீர் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கிறதா, நாளையைப் பற்றி நினைக்கிறாயா, மனதில் உள்ளதைச் சொல்ல ஒருவராவது உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும், விருப்பமிருந்தால் கீழே இரண்டு வரி எழுதலாம். உளவியல் பிள்ளைகள்தான் ஊரெல்லாம் விநியோகம். நொராய்னி கடைசி பெஞ்சிலும் கொடுத்தாள், வீட்டில் இருக்கும் பையன்கள் நிரப்பட்டும் என்று.

புள்ளியியல் வகுப்பு பெரிய வகுப்பு, எல்லாத் துறைக்கும் பொது. ஹம்தான் அதில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவன், மறுபடி எழுதுகிறான். அவனுக்காக ஸலீகா வருவாள். ஆக ஐந்து மாதமாக இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சு. அந்தக் கோடியில் இவள், இந்தக் கோடியில் அவள். பேச்சு கிடையாது. இவள் பேனா உருண்டு அவள் பக்கம் போனால்கூட இவள் எடுக்க மாட்டாள், வேறு பேனா எடுப்பாள். அப்படி மூன்று பேனா போனதாக என்னிடம் கணக்குச் சொல்லியிருக்கிறாள்.

கேள்வித்தாள் திரும்பி வந்த அன்றுதான் முதல் பேச்சு. அதை நொராய்னி சோற்றுக் கையோடு எனக்கு அப்படியே சொன்னாள்.

ஸலீகா அண்ணன் நிரப்பிய தாளை நீட்டிக்கொண்டே கேட்டாளாம். "வண்டிச் சத்தத்துக்கு நீ எத்தன போட்ட?"

"அஞ்சு."

"எங்க வீட்லயும் அஞ்சுதான். தூக்கம்?"

"ஒன்னு."

"எங்கண்ணனும் தூங்குறதில்ல."

"அவன் தூங்கக் கூடாதுன்னுதான் எங்கம்மா அஞ்சு வேளைத் தொழுகையிலயும் கேக்கறாங்க."

"பலிச்சிருச்சின்னு சொல்லு உங்கம்மாட்ட" என்று சொல்லிவிட்டு ஸலீகா போய்விட்டாளாம்.

"எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்திச்சி தெரியுமாக்கா" என்றாள் நொராய்னி. "அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நாலு தடவ படிச்சேன். சோறு எறங்கல, கை நடுங்குது, கதவப் பாத்துட்டே உக்காந்திருக்கான். நல்லா வேணும்னு படிச்சேன். அப்புறம் ஜமேல் தாள எடுத்துப் பக்கத்துல வச்சேன். பேர மறச்சிட்டா எது யாரோடதுன்னு எனக்கே தெரியல. எரிச்சலா வந்திச்சி. சுட்டவனுக்கும் அதே சீக்கு, பறிகொடுத்தவனுக்கும் அதே சீக்கா? என்ன நியாயம் இது?"

இன்னும் கொஞ்சம் மீன் வைத்தேன்.

இறுதித் தேர்வு வந்தது. வகுப்புக்கு அக்கா தங்கச்சி போகலாம், தேர்வுக்கு ஆள் வந்தாக வேண்டும். ஹால் டிக்கெட்டில் படம், வாசலில் கண்காணிப்பாளர். புள்ளியியல் செவ்வாய்க்கிழமை, இருவருக்கும் மீதி இரண்டிரண்டு தாள் வியாழனும் சனியும். இதை எழுதாவிட்டால் ஜமேலுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை போகும், படிப்பும் போகும். ஹம்தானுக்கு மூன்று தாளும் தேறினால் பட்டம். பட்டம் வாங்கினால் சவூதியில் இருக்கும் பெரியப்பாவிடம் போய்விடுவான். அப்புறம் எந்தக் குண்டு போய்ச் சேரும்?

ஜமேல் தேர்வுச் செய்தி கேட்டதிலிருந்து ஆள் மாறினான். மாடியில் நடை குறைந்தது. "அக்கா, பச்சைக் கலர் பேனா ஒன்னு வாங்கிட்டு வா, படம் போட" என்று படிக்கட்டில் வந்து நின்று கேட்டான். ஒன்பது மாதத்தில் அவன் கேட்ட முதல் பொருள் அது. தாடி வளர்ந்து, வெளுத்து, குகையிலிருந்து வந்தவன் போல இருந்தான். நான் என் மேசை விளக்கைக் கொடுத்தேன்.

ஸலீகா ஒரு வெள்ளிக்கிழமை காலை என் கடைக்கு வந்தாள். நொராய்னி இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் போடச் சொல்லிவிட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உன் தம்பியும் எழுதணும். எங்கண்ணனும் எழுதணும்."

"எழுதட்டும்" என்றாள் நொராய்னி.

"எங்காளுங்க உன் தம்பிக்காகக் கீழ்வாசல்ல நிப்பாங்க. உங்காளுங்க எங்கண்ணனுக்காக மேல்வாசல்ல நிப்பாங்க. நான் எங்கண்ணன் கூட வந்தா உங்க மாமா சுடமாட்டாருன்னு நிச்சயமில்ல. என்னைய அவருக்கு என்ன, எதிரி வீட்டுப் பொண்ணு. நீ கூட வந்தா சுட மாட்டாரு. சொந்த மருமக."

நொராய்னிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எனக்கு இன்னும் கொஞ்சம் ஆனது.

"நீ எங்கண்ணன மேல்வாசல்லேருந்து கூட்டிட்டு வா" என்றாள் ஸலீகா. "நான் உன் தம்பிய கீழ்வாசல்லேருந்து கூட்டிட்டு வர்றேன். திரும்பறப்பவும் அப்படியே. மூணு தேர்வுக்கும்."

"அவன் பக்கத்துல நான் நடக்கணுமா? என் அண்ணன முதுகுல சுட்டவன் பக்கத்துல?"

"ஆமா."

கடையில் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிரதி கேட்டதற்கு நான் பதினொன்று போட்டிருந்தேன்.

"என் தம்பி முதல்ல உள்ள போகணும்" என்றாள் நொராய்னி. "அவன் உக்காந்தாச்சின்னு தெரிஞ்சப்புறந்தான் நான் மேல்வாசல விட்டு நகருவேன்."

"சரி."

"என்கிட்ட சத்தியம் வாங்கலையா?"

"வாங்கமாட்டேன்" என்றாள் ஸலீகா. "வாங்கினா நீ பொய்ச்சத்தியம் பண்ண வேண்டிவரும். அந்தப் பாவத்த நான் உன் தலையில ஏத்தல." ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கெட்டிக்காரப் பெண். எதிரி வீட்டில் பிறந்திராவிட்டால் இந்த இரண்டும் ஒரே தட்டில் தின்றிருக்கும்.

அன்று சாயங்காலம் சமையலறையில் நொராய்னி எல்லாவற்றையும் சொன்னாள். மகபாந்தோ எழுந்தேவிட்டான். பொத்ரி அவனைக் கையமர்த்தினாள்.

"நீ கூட நடந்தா சுட முடியாது" என்றாள்.

"ஆமா."

"விலகினா?"

"அதத்தான் சொல்ல வந்தேன்."

பொத்ரி மெல்ல எழுந்து, உரலைச் சுற்றி வந்து, மகளின் தோளைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினாள். ஒன்று. இன்னொன்று. "ரெண்டு எட்டு விலகி நில்லு, போதும். டெல்மா கடைக்கு எதிர்ல. ஒன் மாமன் உள்ள இருப்பான். பத்தடி. குருடன்கூடச் சுடுவான்."

"என் கடையா?" என்றேன்.

"நீ அன்னிக்கி வராத. சாவியக் குடு."

"ஜமேல் உள்ள இருப்பானே" என்றேன். "சத்தம் கேட்டதும் அவங்க ஆளுங்க சும்மா இருப்பாங்களா?"

மகபாந்தோ சொன்னான். "தேர்வுக்கூடத்துக்குப் பின்னால மண் ஆய்வுக்கூடம். அதன் பின்கதவுல ஜீப் நிக்கும். சத்தம் கேட்ட நிமிசம் அவன இழுத்துட்டுப் போயிருவோம்."

"எங்க?"

"மலைக்கு. ரெண்டு வருசம் மூணு வருசம் அங்க இருக்கட்டும்."

"தேர்வு?"

மாடியில் அவன் சத்தம்போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். சராசரி, இடைநிலை, முகடு. நொராய்னி சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "விலகறேன்" என்றாள்.

சாவியை நான் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நானே போய்க் கடை திறந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. என் கடை, என் வாசல், நான் இல்லாமல் அங்கே ரத்தம் சிந்தக்கூடாது என்று ஒரு வீம்பு. போலீசிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் பகையில் மூன்றாவதாக ஒரு குடும்பம் சேரும், அது என் குடும்பம். அவ்வளவுதான் என் தைரியம்.

மேல்வாசலில் ராணுவச் சோதனைச் சாவடி. ஆண்களை உச்சி முதல் பாதம் தடவிப் பார்ப்பார்கள், பெண்களைத் தொட மாட்டார்கள். பதினொரு மணிக்குப் பொத்ரி பலாபாக் கூடையோடு வந்தாள். வழக்கம்போல சிப்பாய்க்கு ஒரு சின்னப் போத்தல் கொடுத்துவிட்டு வந்தாள். என் கடையில் கூடையை இறக்கி, போத்தல்களை எடுத்து, அடியில் வாழையிலைச் சுருளுக்குள் இருந்ததை இழுப்பறையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இஞ்சி இந்தத் தடவ காரம் போதாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையோடு கேன்டீன் பக்கம் போனாள்.

பன்னிரண்டரைக்கு மகபாந்தோ வெறுங்கையோடு வந்து இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தான். இழுப்பறையைத் திறந்தான். கடை முழுக்க மிளகாய் வாசனை. இரண்டு தடவை தும்மினான். சிரிக்க வேண்டிய விஷயம், நான் சிரிக்கவில்லை.

"மகபாந்தோ, பிள்ளைங்க போற பாதை."

"தெரியும் டெல்மா. வாய மூடிட்டுத் தாள அடுக்கு."

காலைப் பனி விலகியிருந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து ஸலீகாவும் ஜமேலும் வருவது தெரிந்தது. அவள் முன்னே இல்லை, பின்னே இல்லை, தோளோடு தோள் நடந்தாள். ஜமேல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புதிதாக நடை பழகுகிறவன் மாதிரி, புல்லை மிதிக்கலாமா என்று பார்த்துப் பார்த்து நடந்தான். சட்டைப் பையில் பச்சைப் பேனா. தேர்வுக்கூடப் படியில் ஏறினதும் திரும்பி ஏரியைப் பார்த்தான். ஸலீகா அவசரப்படுத்தவில்லை. பார்த்து முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு உள்ளே போனான்.

ஸலீகா படியில் நின்று கைக்குட்டையை உயர்த்தினாள்.

மேல்வாசலில் நொராய்னி நகர்ந்தாள். பக்கத்தில் ஹம்தான். நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது ஒரு வருஷத்துக்கு முன்னால், ஆறடி ஆள், பந்தை ஒரு கையில் பிடிப்பான். இப்போது சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, இன்னொன்றில் நீலம். நொராய்னி எப்போதும் போல விறுவிறுவென்று நடக்க, அவன் கூட வர முடியாமல் பின்தங்கினான், அவள் நிற்க வேண்டியிருந்தது. தன் அண்ணனைக் கொன்றவனுக்காக நின்று நின்று நடந்தாள்.

மகபாந்தோ எழுந்து சன்னல் ஓரம் வந்தான்.

வந்தார்கள். கடைக்கு எதிரே வந்தார்கள். நொராய்னி நின்றாள். அவனும் நின்றான். அவள் தலை என் சன்னல் பக்கம் லேசாகத் திரும்பியது, நான் இருப்பதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அப்போது ஹம்தான் ஏதோ சொன்னான். இரண்டே வரி. நொராய்னி அவன் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அடிக்குக் கை நீட்டும் பையன் மூடுவானே, அப்படி.

"விலகு பிள்ள" என்று மகபாந்தோ பல்லுக்குள் சொன்னான். "விலகு, விலகு."

அவள் விலகவில்லை. அவன் முழங்கைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். ஆட்டை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே போய்த் தேர்வுக்கூடப் படியில் ஏற்றிவிட்டாள். ஸலீகாவைக் கடந்து போனாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மகபாந்தோ துப்பாக்கியை இழுப்பறையில் போட்டு அடித்து மூடினான். "பொட்டச்சி புத்தி" என்றான். நான் இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டு ஜெபமாலை சொன்னேன், பாதியில் எந்த மணியில் நிற்கிறேன் என்று மறந்துபோனது.

மூன்று மணிக்குத் தேர்வு முடிந்தது. போனபடியே திரும்பினார்கள். யாரும் யாரையும் சுடவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது பொத்ரி உரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடிக்கவில்லை. நொராய்னி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். மகபாந்தோ வாசலோடு போய்விட்டானாம்.

"காலு மரத்துப்போச்சாடி?" என்றாள் பொத்ரி. "ரெண்டு எட்டு. ரெண்டே எட்டு. பெத்த பிள்ளைய நான் பத்து மாசம் சுமந்தேன், கூடப் பொறந்தவனுக்கு உன்னால ரெண்டு எட்டு வைக்க முடியல."

நொராய்னி செம்பை வைத்தாள். "விலகத்தாம்மா நின்னேன்."

"அப்புறம்? அவன் மூஞ்சியப் பாத்து இரக்கம் வந்திருச்சா? தங்கச்சிக்காரி நல்லாப் பேசுறாளேன்னு வந்திருச்சா?"

"அவன் என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னா எனக்கென்ன?"

"'நீ விலகுவேன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் வந்தேன். எப்பன்னு மட்டும் சொல்லு, கண்ண மூடிக்கறேன்'னான்."

பொத்ரி தலை தூக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

"தேர்வெழுத வரலம்மா அவன். பட்டமும் வேணாம், சவூதியும் வேணாம். ஒம்பது மாசமாத் தூங்கல. கண்ண மூடினா அண்ணன் முதுகு வருதாம். நம்ம வீட்டுச் சட்ட அவன் கண்ணுக்குள்ள தொங்குது. எப்படியாவது முடிஞ்சாப் போதும்னு கழுத்தக் கொண்டுவந்து நீட்டறான். ஒரு குண்டு, ஒரு நிமிசம், அவனுக்கு வேலை முடிஞ்சிது." அவள் குரல் உயரவே இல்லை. "கேட்டதக் குடுக்க நான் என்ன தர்மம் பண்ணவா போனேன்?"

உரலில் பாதி இடித்த மிளகாய் கிடந்தது. அதன் நெடி மூவர் கண்ணிலும் ஏறியிருந்தது. யாருக்கு எதனால் கண் கலங்கியது என்று சொல்ல முடியாது.

"நீ என்ன சொன்ன அவன்ட்ட?" என்றாள் பொத்ரி கடைசியில்.

"'இன்னிக்கி இல்ல. போய் எழுது'ன்னேன்."

"எழுதினானா?"

"ரெண்டு மணி நேரமும் உக்காந்திருந்தான்னு ஜமேல் சொன்னான். அவனுக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி."

"ஜமேல்?"

"கூடுதல் தாள் வாங்கி எழுதினானாம். சோறு ரெண்டு தடவ போட்டுத் தின்னுட்டு மேல போனான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடியில் நடை இல்லை. நான் பயந்து அண்ணாந்து பார்த்தேன். பொத்ரியும் பார்த்தாள். பலகை இடுக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, மெல்ல, சீராக. ஜமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பட்டப்பகலில், சன்னலைத் திறந்துபோட்டு. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது, குறட்டை நிற்கவில்லை.

பொத்ரி வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஆணியில் இருந்த சட்டையைத் தொட்டாள். எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஒரு பக்கம் கோணியிருந்ததை நேராக்கினாள்.

"அடுத்த தேர்வு என்னிக்கி?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"அன்னிக்கும் நீதான் கூட்டிட்டு வரணுமா?"

"ஆமா."

"அன்னிக்கும் கேப்பானா?"

"கேப்பான்மா."

பொத்ரி உரல் முன்னால் உட்கார்ந்து உலக்கையை எடுத்தாள்.

"குடுக்காத" என்றாள். மேலே தூங்குகிறவன் எழுந்துவிடாதபடி மெதுவாக இடிக்கத் தொடங்கினாள்.